வண்டிக்கு ஒரு தெர்மாமீட்டர் வாங்கலாமா?

1/
கறம்பக்குடியிலிருந்து ஒரு தம்பி இன்பாக்ஸில் கேட்டிருந்தார்.

"சார், நான் மெக்கானிக் இல்ல. ஆர்வத்துல என் காரை நானே பாத்துக்கிறேன். ஆயில் மாத்துவேன், பிரேக் பேடு மாத்துவேன். ஆனா செக் என்ஜின் லைட் எரிஞ்சா மட்டும் ஒண்ணும் புரியல. கம்பெனி சர்வீஸுக்குப் போகணும்னா புதுக்கோட்டையோ தஞ்சாவூரோ போகணும். ஸ்கேனரும் சாஃப்ட்வேரும் வாங்கலாமா? சில நூறு ரூபாய்க்கும் விக்கிறாங்க, பல ஆயிரத்துக்கும் விக்கிறாங்க."

இதையெல்லாமா டாக்டர்கிட்ட கேப்பாங்கன்னு தோணும். ஆனா நோயைக் கண்டுபிடிக்கும் கருவி பற்றிய கேள்விதானே இது? பதில் சொல்லும் முன் அந்தக் கருவியின் வரலாற்றைப் பார்த்துவிடுவோம். எதற்குக் காசு கொடுக்கணும், எதற்குக் கொடுக்கக் கூடாது என்பது அதிலேயே இருக்கிறது.

2/
1943 ஜூலை. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரை ஒரு நாள் பழுப்பு நிறப் புகை மூடுகிறது. மக்களுக்குக் கண் எரிகிறது, தொண்டை கமறுகிறது. ஜப்பான்காரன் விஷவாயு போட்டுட்டான் என்றே பலரும் பயந்துபோனார்கள்.

போர் முடிந்தது. புகை முடியவில்லை. தொழிற்சாலை, குப்பை எரிப்பு என்று ஒவ்வொன்றாகக் குற்றம் சாட்டிப் பார்த்தார்கள். விடை கிடைக்கவில்லை.

3/
அங்கே கால்டெக் நிறுவனத்தில் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற உயிர்வேதியியலாளர் இருந்தார். நெதர்லாந்தில் பிறந்தவர். அவருடைய ஆராய்ச்சி என்ன தெரியுமா? அன்னாசிப்பழத்தின் வாசனை எந்தெந்த வேதிப்பொருளால் வருகிறது என்பது!

வாசனையைக் குளிரவைத்துப் பிடித்துப் பிரித்துப் பார்க்கும் அதே முறையில் ஊர்க் காற்றையும் பிடித்துப் பார்த்தார். வாகனங்களிலிருந்தும் எண்ணெய் ஆலைகளிலிருந்தும் வரும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன, கண்ணை எரிக்கும் புகைமூட்டம் உருவாவது இப்படித்தான் என்று 1950களின் தொடக்கத்தில் காட்டினார்.

ஆக, குற்றவாளிகளில் பெரியவர் வீட்டு வாசலில் நிற்கும் கார்தான். கார் கம்பெனிகள் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. அவரோ விடவில்லை. 1967ல் கலிஃபோர்னியா தன் காற்று வள வாரியத்தைத் தொடங்கியபோது அதன் முதல் தலைவரானார்.

4/
அடுத்து சட்டங்கள் வந்தன. 1970ல் அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம். 1975 மாடல் கார்களில் புகையைச் சுத்திகரிக்கும் கேடலிடிக் கன்வெர்ட்டர். பிறகு எரிபொருளை அளந்து கொடுக்கும் கம்ப்யூட்டரும் சென்சார்களும்.

இங்கே ஒரு சிக்கல். இவை கெட்டுப்போனாலும் வண்டி பெரும்பாலும் ஓடும். ஓட்டுபவருக்கு எதுவும் தெரியாது. ஊருக்குத்தான் கேடு.

ரத்த அழுத்தம் மாதிரி. 180 இருந்தாலும் மனுஷன் சிரிச்சுப் பேசிக்கிட்டு வயலுக்குப் போயிட்டு வருவார். அளந்து பார்த்தால்தான் தெரியும்.

அதனால் கலிஃபோர்னியா சொன்னது: "வண்டி தன்னைத்தானே பரிசோதிக்கணும். கோளாறு இருந்தால் டேஷ்போர்டில் விளக்கைப் போட்டுச் சொல்லணும்." 1988 மாடல் கார்களிலிருந்து இது கட்டாயமானது. ஓபிடி என்பதன் முதல் கட்டம் இதுதான்.

அதாவது அந்த மஞ்சள் விளக்கு வந்தது உங்கள் நுரையீரலைக் காப்பாற்ற. என்ஜினைக் காப்பாற்றுவது அதன் இரண்டாவது வேலைதான்.

5/
ஆனால் முதல் கட்டத்தில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பிளக், ஒரு பாஷை. விளக்கு எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணிப் புத்தகத்தில் தேடிய காலமும் உண்டு. புத்தகமும் கருவியும் கம்பெனி டீலரிடம். தெருமுனைப் பட்டறைக்காரர் கதி?

1990ல் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தியபோது ஒரு முக்கியமான பிரிவைச் சேர்த்தார்கள். புகை சம்பந்தமான பழுதைக் கண்டுபிடிக்கவும் சரிசெய்யவும் தேவையான தகவலை, வண்டி பழுதுபார்க்கும் எவருக்கும் கம்பெனி கொடுத்தாக வேண்டும்.

1996 மாடலிலிருந்து அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களிலும் ஒரே வடிவ 16 முள் பிளக், ஒரே பொதுக் குறியீட்டுப் பட்டியல். ஓபிடி-2 என்பது இதுதான். ஐரோப்பாவில் 2001 முதல் பெட்ரோல் கார்களுக்கும் அடுத்து டீசலுக்கும் வந்தது.

உங்கள் ஸ்டீயரிங்குக்குக் கீழே குனிந்து பார்த்தால் தெரியுமே ஒரு பிளக், அதன் பூர்வீகம் இதுதான்.

6/
இங்கே ஒரு விஷயத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். வாங்கும் முடிவே இதில்தான் இருக்கிறது.

சட்டம் திறக்கச் சொன்னது புகை சம்பந்தப்பட்ட கதவை மட்டும். என்ஜின், எரிபொருள், புகைபோக்கி. இதை மலிவான ஸ்கேனரே பெரும்பாலும் படித்துவிடும்.

ஏபிஎஸ், ஏர்பேக், பவர் ஸ்டீயரிங், சாவி புரோகிராமிங் எல்லாம் அந்தக் கதவுக்குப் பின்னால் இல்லை. அவை கம்பெனியின் சொந்தப் பாஷையில் பேசுகின்றன. அந்தப் பாஷை தெரிந்த சாஃப்ட்வேருக்குத்தான் விலை எகிறுகிறது.

7/
இந்தியாவுக்கு வருவோம். பாரத் ஸ்டேஜ் 4 கார்களுக்கு 2010 ஏப்ரலிலிருந்து ஓபிடி முதல் கட்டம், 2013 ஏப்ரலிலிருந்து இரண்டாம் கட்டம்.

ஆனால் பாரத் ஸ்டேஜ் 4 அப்போது சென்னை போன்ற குறிப்பிட்ட நகரங்களில்தான் கட்டாயம். நாடு முழுக்க வந்தது 2017 ஏப்ரலில். அதுவரை புதுக்கோட்டை மாதிரி மாவட்டங்களில் பாரத் ஸ்டேஜ் 3 வண்டிகளையும் விற்கலாம்.

அதனால் 2017க்கு முந்தைய வண்டி என்றால் முதலில் அது எந்த ஸ்டேஜ் என்று பாருங்கள். 16 முள் பிளக் இருந்தும் பொதுப் பாஷை பேசாத பழைய வண்டிகள் உண்டு. ஸ்கேனரை வாங்கி மாட்டிவிட்டு "கனெக்ட் ஆகல"ன்னு உட்கார்ந்திருப்பவர்களில் பலருக்குக் காரணம் இதுதான்.

2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்தபோது பைக்குகளுக்கும் ஓபிடி வந்தது. அவற்றில் பெரும்பாலும் 6 முள் பிளக். அதற்குத் தனி இணைப்பு ஒயர் வேண்டும்.

8/
சரி, கம்பெனியின் அந்தச் சொந்தப் பாஷையை வெளி மெக்கானிக்குக் கொடுக்காமல் வைத்திருப்பது நியாயமா?

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு பெரிய வழக்கு நடந்தது. 2011ல் ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்தார். உதிரிபாகங்களும் பரிசோதனைக் கருவிகளும் வெளிச்சந்தையில் கிடைப்பதில்லை, கம்பெனி சர்வீஸைத் தவிர வேறு வழியில்லாமல் மக்கள் அதிகக் காசு கொடுக்கிறார்கள் என்பதே புகார். மூன்று கம்பெனிகள் மீது தொடங்கிய விசாரணை, நாட்டின் பெரும்பாலான கார் கம்பெனிகள் வரை விரிந்தது.

கம்பெனிகளின் வாதம்: "பயிற்சியில்லாத கைகளில் இது போனால் ஆபத்து. மேலும் இது எங்கள் அறிவுச்சொத்து."

9/
2014 ஆகஸ்ட் 25 அன்று தீர்ப்பு. 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் ரூ.2,544 கோடிக்கு மேல் அபராதம். உதிரிபாகங்களும் பரிசோதனைக் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்று உத்தரவு. வெளியே பழுதுபார்த்தாலே வாரண்டி ரத்து என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை போடக் கூடாது என்றும் ஆணையம் சொன்னது.

கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2022 டிசம்பரில் மத்திய அரசு "பழுதுபார்க்கும் உரிமை"க்கென ஓர் இணையதளமே தொடங்கியது. ஆனாலும் ஒரு சிற்றூர்ப் பட்டறைக்காரர் கம்பெனி சாஃப்ட்வேரைச் சுலபமாக வாங்கிவிடும் நாள் இன்னும் வரவில்லை.

10/
அப்புறம் எப்படி சில நூறு ரூபாய்க்கு ஸ்கேனர் கிடைக்கிறது?

கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் என்ற சின்னக் கம்பெனி ஈஎல்எம்327 என்று ஒரு சிப் செய்தது. ஓபிடி-2 இணைப்புக்குள் இருந்த பல பாஷைகளையும் எளிய எழுத்துகளாக மாற்றித் தரும் மொழிபெயர்ப்பாளர் அது. முதல் பதிப்பில் நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு போடப்படவில்லை. அவ்வளவுதான், உலகம் முழுக்க நகல்கள் கொட்டின. அந்தக் கம்பெனி 2022ல் மூடப்பட்டது. நகல்கள் இன்றும் விற்கின்றன.

நகல் எல்லாம் ஒரே தரமில்லை. சிலவற்றுக்குச் சில பாஷைகளே வராது. வாங்கினால் திருப்பிக் கொடுக்கும் வசதியுள்ள இடத்தில் வாங்குங்கள்.

11/
இப்போ என் துறைக்கு வரேன்.

1860களின் தொடக்கம் வரை தெர்மாமீட்டர் ஓரடி நீளம். ஒருமுறை பார்க்க 20 நிமிடம். தாமஸ் கிளிஃபோர்ட் ஆல்பட் என்ற ஆங்கிலேய மருத்துவர் அதை ஆறு அங்குலமாக்கி ஐந்து நிமிடத்தில் முடித்தார். அதன்பிறகுதான் அது டாக்டர் பைக்குள் வந்தது, பின்னர் வீட்டுக்குள்ளும் வந்தது.

அதே காலத்தில் ஜெர்மனியில் கார்ல் வுண்டர்லிக் சுமார் 25,000 நோயாளிகளின் வெப்பநிலைப் பதிவுகளை வைத்து 1868ல் ஒரு நூல் வெளியிட்டார். அதுவரை காய்ச்சலே ஒரு நோய் என்று நினைத்திருந்தார்கள். காய்ச்சல் நோயல்ல, நோயின் அறிகுறி என்பதை ஊன்றச் செய்தது அந்த நூல்.

102 டிகிரி என்று தெர்மாமீட்டர் சொல்லும். டைஃபாய்டா, டெங்குவா, சிறுநீர்த் தொற்றா என்று சொல்லாது.

12/
வண்டியின் கோடும் அப்படித்தான்.

உதாரணத்துக்கு பி0171. காற்றுக்கேற்ற எரிபொருள் குறைவு என்று அர்த்தம். காரணம்? காற்றுக்குழாயில் விரிசல் இருக்கலாம். காற்றளவு சென்சாரில் அழுக்கு இருக்கலாம். பெட்ரோல் பம்ப் பலவீனமாகியிருக்கலாம். இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம். சென்சாரே தப்பாகச் சொல்லலாம்.

பி0420 என்றால் கேடலிடிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை. உடனே ஆயிரக்கணக்கில் செலவழித்து அதை மாற்றிவிடாதீர்கள். புகைக்குழாயில் ஒரு சின்னக் கசிவும் இதே கோடைத் தரலாம்.

கோடைப் பார்த்ததும் பார்ட்டை மாற்றுவது, காய்ச்சலைப் பார்த்ததும் ஆன்டிபயாட்டிக் வாங்கி முழுங்குவதற்குச் சமம். ரெண்டுலயும் காசு போகும், நோய் இருக்கும்.

13/
இன்னொன்று. கோடு இல்லை என்றால் கோளாறே இல்லை என்று அர்த்தமில்லை.

2015ல் வெளியான ஃபோக்ஸ்வாகன் மோசடி நினைவிருக்கும். பரிசோதனைக்கூடத்தில் இருக்கிறோம் என்று தெரிந்தால் மட்டும் ஒழுங்காகப் புகைவிடும்படி சாஃப்ட்வேர் எழுதியிருந்தார்கள். சுமார் 1.1 கோடி வண்டிகள்! அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் சிறு குழு. சென்னையில் பொறியியல் படித்துவிட்டுப் போன அரவிந்த் திருவேங்கடமும் அதில் ஒருவர்.

அவர்கள் வண்டியின் கம்ப்யூட்டர் சொன்னதை நம்பவில்லை. புகைக்குழாயிலேயே கருவியை மாட்டி, லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சியாட்டில் வரை ஓட்டி, தாங்களே அளந்தார்கள்.

ஸ்கேனர், வண்டி தன்னைப்பற்றிச் சொல்வதைத்தான் உங்களுக்குச் சொல்லும். அதற்கு மேல் உங்கள் கண்ணும் காதும் மூக்கும் மல்டிமீட்டரும்தான்.

14/
இப்போ முடிவுக்கு வருவோம்.

✅ சொந்தமாக ஒரு கார், ஓபிடி-2 உள்ளது, கற்கும் ஆர்வம் இருக்கிறது: மலிவான ரீடரும் போனில் ஒரு இலவச செயலியும் போதும். வீட்டில் தெர்மாமீட்டர் வைத்திருப்பது மாதிரி.

✅ ஒரே குழுமத்தின் வண்டியை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கப்போகிறீர்கள்: அதற்கென்று தனி சாஃப்ட்வேர் இருக்கிறதா பாருங்கள். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவுக்கு விசிடிஎஸ். ஃபோர்டுக்கு ஃபோர்ஸ்கேன், இதில் இலவசப் பதிப்பும் உண்டு. ஏபிஎஸ், ஏர்பேக் கோடுகளையும் இவை படிக்கும்.

✅ அக்கம்பக்கத்து வண்டிகளும் உங்களிடம் வர ஆரம்பித்துவிட்டன: பல கம்பெனி ஸ்கேனர் பற்றி அப்போது யோசிக்கலாம். வருடா வருடம் புதுப்பிப்புக்குக் கட்டணம் உண்டா என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

❌ ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை விளக்கு எரியும் ஒரே வண்டிக்குப் பல ஆயிரம் ரூபாய் சாஃப்ட்வேர்: வேண்டாம். ஊர்ப் பட்டறையில் காசு கொடுத்து ஒருமுறை ஸ்கேன் பண்ணிக்கொள்வது மலிவு. அந்தப் பட்டறையும் பிழைக்கும்.

❌ திருட்டு சாஃப்ட்வேர்: வேண்டவே வேண்டாம். வண்டியின் கம்ப்யூட்டரில் எழுதும்போது பாதியில் நின்றால், மிச்சப்படுத்திய காசைப் போல் பல மடங்கு போகும்.

15/
வாங்கிவிட்டீர்கள் என்றால் நான்கு விஷயங்கள்:

முதலில் கோடையும், அது பதிவான நேரத்து அளவுகளையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அதன்பிறகே அழிப்பதைப் பற்றி யோசியுங்கள். அழித்தால் தடயமும் போய்விடும். பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சலை இறக்கிவிட்டு டாக்டரிடம் வந்து "இப்போ ஒண்ணுமில்ல சார்" என்பது மாதிரி.

வண்டி நன்றாக இருக்கும்போதே ஒருமுறை எல்லா அளவுகளையும் பார்த்துக் குறித்து வையுங்கள். நார்மல் தெரிந்தால்தான் அப்நார்மல் தெரியும்.

வேலை முடிந்ததும் ரீடரைக் கழற்றுங்கள். அந்தப் பிளக்கில் எப்போதும் மின்சாரம் இருக்கும். நாள்கணக்கில் நின்றால் பேட்டரி இறங்கும்.

ஏர்பேக், பிரேக் கோடு வந்தால் படிப்பதோடு நிறுத்துங்கள். அங்கே பரிசோதனை செய்து பழகக் கூடாது. அதற்குப் பயிற்சி பெற்ற கை வேண்டும்.

16/
யாரோ ஓர் ஊரில் கண் எரிந்து, ஒரு விஞ்ஞானி காரணத்தைக் கண்டுபிடித்து, சட்டம் போட்டு, பழுதுபார்க்கும் எவருக்கும் தகவல் கொடு என்று எழுதிவைத்ததால் கிடைத்தது அந்த 16 முள் பிளக். அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதற்குச் சில நூறு ரூபாய் செலவழிப்பதில் தவறே இல்லை.

மிச்சக் காசில் ஒரு நல்ல மல்டிமீட்டர் வாங்குங்கள்.

உங்கள் வண்டி எந்த ஸ்டேஜ், எந்த வருஷம் என்று கமெண்டில் போடுங்கள். விஷயம் தெரிந்த மெக்கானிக் அண்ணன்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள், பதில் சொல்வார்கள்.