வாடகை வீடு தேடுமுன்: 1990 நமக்குச் சொல்லித் தந்த கணக்கு



புத்தளத்தில் நமது ஆட்களுக்குள் வருட முடிவு நெருங்கினால் வீடு மாறும் பேச்சுத் தொடங்கிவிடும். இடமாற்றம் கிடைத்த ஆசிரியர், யாழ்ப்பாணத்தில் கடை போட நினைக்கும் தம்பி, மன்னாருக்குக் குடும்பத்தோடு போய்விடலாமா என்று யோசிக்கும் தகப்பன் எனப் பலரும் ஆலோசனை கேட்டு வருகிறார்கள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "சேர், அந்தப் பக்கம் வீட்டு வாடகை எவ்வளவு போகுது?"

நியாயமான கேள்வி. ஆனால் குடும்பத்தோடு புதிய ஊரில் எங்கே குடியிருப்பது என்பது வடக்கு முஸ்லிம்களாகிய நமக்கு 30 வருடங்களுக்கு மேற்பட்ட வரலாறு. அதைத் திரும்பிப் பார்த்தால், மாத வாடகை நம் வாழ்க்கையில் தீர்மானித்தவை கொஞ்சம். விலாசம் தீர்மானித்தவைதான் அதிகம். பதிவு நீளமானது, பொறுமையாக வாசியுங்கள்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்தின் 5 மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். மாத நடுவில் சாவகச்சேரியில் தொடங்கி, மன்னார் ஊர்களைக் கடந்து, ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண நகருக்கு வந்தது. நகரத்து மக்களை ஜின்னா மைதானத்துக்கு அழைத்து, 2 மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். வழியில் சோதனை போட்டுக் காசையும் நகையையும் எடுத்துக்கொண்டார்கள். ஏறத்தாழ 75,000 பேர் அந்த மாதத்தில் வீடிழந்தோம்.

"எங்கே போவது என்று யோசிக்கவே நேரமில்லை" என்று நாம் வழக்கமாகச் சொல்வோம். வெளியேறும் நேரத்தைப் பற்றி அது உண்மை. அடுத்த சில வாரங்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. எங்கே நிற்பது, எங்கே குடியிருப்பது என்று ஒவ்வொரு குடும்பமும் ஏதோ ஒரு கணக்குப் போட்டுத்தான் முடிவெடுத்தது.

மன்னார்த் தீவிலிருந்து வந்தவர்கள் கடல் வழியாகக் கற்பிட்டியில் இறங்கினார்கள். இரண்டு கரைகளுக்கும் மீன்பிடியாலும் வியாபாரத்தாலும் திருமண உறவாலும் பழைய தொடர்பு இருந்தது. தெரிந்த முகம் இருக்கும் கரைக்குத்தான் வள்ளம் போகும். யாழ்ப்பாணத்தார் தரை வழியாக வவுனியாவுக்கு வந்து, அங்கிருந்து பிரிந்தார்கள். கொழும்பு, நீர்கொழும்பு, பாணந்துறைப் பக்கம் சொந்தக்காரரோ வியாபாரத் தொடர்போ இருந்தவர்கள் அங்கே போய் வாடகைக்கு அறை எடுத்தார்கள். அநுராதபுரம், குருநாகல் மாவட்டங்களில் சிலர் தங்கினார்கள். மிகப் பெரும்பான்மையோர் புத்தளம் மாவட்டத்துக்கே வந்தோம்.

ஏன் புத்தளம்? இங்கே முஸ்லிம்கள் செறிந்து வாழ்ந்தார்கள். தமிழ் மொழிமூலப் பாடசாலைகள் இருந்தன. நடந்துபோகும் தூரத்தில் பள்ளிவாசல்கள் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, ஊருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. நிலைமை சீரானதும் திரும்பிவிடலாம் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கை குடியிருப்பு முறையையே தீர்மானித்தது. சீக்கிரம் திரும்பப் போகிறவர் நீண்ட ஒப்பந்தம் எழுதமாட்டார். தென்னந்தோட்டச் சொந்தக்காரர் வாயால் தந்த அனுமதியில் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. கையில் கொஞ்சம் இருந்தவர்கள் மாதத்துக்கு மாதம் வாடகை கொடுத்து, வீட்டுக்காரர் ஒதுக்கித் தந்த ஒரு பக்கத்தில் இருந்தார்கள். எழுத்தில் எதுவும் இல்லை. எழுத்தில் இருந்த பழைய காணி உறுதிகளில் பலவும் வடக்கிலேயே நின்றுவிட்டன.

இன்று தில்லையடி, பாலாவி, ஆலங்குடா, கற்பிட்டிப் பக்கம் பார்த்தால் ஒன்று விளங்கும். யாரும் மனம்போன போக்கில் சிதறவில்லை. ஊர் ஊராகவே அமர்ந்தார்கள். எருக்கலம்பிட்டியார் நாகவில்லில் சேர்ந்தார்கள். அந்த ஊர்ப் பெயர் பாடசாலைப் பெயரோடும் வந்து ஒட்டிக்கொண்டது. வாடகை குறைவான இடம் வேறெங்காவது கிடைத்தாலும் குடும்பங்கள் ஊரவர் பக்கத்திலேயே நின்றன. மையித்து விழுந்தால் தூக்க ஆள் வேண்டும். பிள்ளைக்குச் சம்பந்தம் வந்தால் "இது இன்னாருடைய வீட்டுப் பிள்ளை" என்று சொல்ல ஒருவர் வேண்டும். ஆண்கள் வெங்காயத் தோட்டத்துக்கோ உப்பளத்துக்கோ கூலிக்குப் போனால் வீட்டில் தனித்திருக்கும் பெண்களுக்குத் துணை வேண்டும். இவற்றை எந்த வீட்டுக்காரரும் வாடகையில் சேர்த்துத் தருவதில்லை.

இரண்டாவது கணக்கு தண்ணீர். புத்தளத்தில் பல இடங்களில் நிலத்தடி நீர் உவர்ப்பு. கற்பிட்டியின் மணல் நிலத்தில் நல்ல தண்ணீர் எடுக்கலாம், ஆனால் அதே தண்ணீரில்தான் தோட்டமும் செய்கிறார்கள். குடியிருக்கும் இடத்துக்கும் நல்ல தண்ணீருக்கும் இடையிலான தூரத்தைக் குடம் சுமந்த நம் உம்மாமார் அளந்தார்கள்.

மூன்றாவது பாடசாலை. புத்தளத்துப் பாடசாலைகள் காலையில் தங்கள் பிள்ளைகளுக்கும் மாலையில் நம் பிள்ளைகளுக்கும் வகுப்பு நடத்தின. இடம்பெயர்ந்து வந்த ஆசிரியர்களே அந்த மாலை வகுப்புகளைத் தாங்கினார்கள். அந்த வாசலுக்குக் கிட்ட இருந்த குடும்பத்துப் பிள்ளை தொடர்ந்து படித்தது. தோட்ட வேலையை நம்பித் தூரத்தில் குடியிருந்த குடும்பத்தில் மூத்த பிள்ளை பெரும்பாலும் தகப்பனோடு கூலிக்குப் போனது. ஒரே ஊர், ஒரே வகுப்பு, குடியிருந்த இடம் மட்டும் வேறு. அந்தப் பிள்ளைகள் இன்று 40 வயதைக் கடந்தவர்கள்.

இந்த இடத்தில் புத்தளத்து மக்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதல் நாட்களில் சோற்றுப் பானையையும் வளவையும் பள்ளிவாசலையும் திறந்துவிட்டது அவர்கள்தான். அந்தக் கடன் நம்மால் அடைக்க முடியாதது. ஆனால் வருடங்கள் போகப் போக உரசலும் வந்தது. கூலி வேலைக்கு ஆட்கள் பெருகினால் கூலி இறங்கும். ஆட்கள் வந்தால் வாடகையும் காணி விலையும் ஏறும். பல்கலைக்கழக அனுமதியில் புத்தளம் பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்று. உயர்தரத்துக்கு முந்திய வருடங்களில் பிள்ளை எந்த மாவட்டத்தில் படித்தது என்பதை வைத்தே மாவட்ட ஒதுக்கீடு கணிக்கப்படுகிறது. அதனால், "எங்கள் பிள்ளைகளின் இடத்தை நீங்கள் எடுக்கிறீர்கள்" என்ற முறைப்பாடு எழுந்தது. அதைச் சொன்னவர்கள் கெட்டவர்கள் அல்ல. அவர்களுடைய கஷ்டமும் உண்மை. நம் பிள்ளைகளுக்கும் படிக்க வேறு இடம் இருக்கவில்லை. புதிய ஊருக்குப் போகும் எந்தக் குடும்பமும் அங்கே ஏற்கெனவே இருப்பவர்களின் பங்கில் கை வைத்துத்தான் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

அடுத்த மாற்றம் வாடகையிலிருந்து காணிக்கு நகர்ந்தது. வாயால் தந்த அனுமதி சொந்தக்காரர் இருக்கும்வரைதான் நின்றது. அவர் மௌத்தானால் பிள்ளைகள் காணியைப் பிரிப்பார்கள், விற்பார்கள். அதைப் பார்த்தவர்கள் வெளிநாட்டுக்கு ஆளனுப்பி, சீட்டுப் போட்டு, 10 பேர்ச் காணியாவது வாங்கினார்கள். 2007 இல் உலக வங்கி உதவியோடு புத்தளம் வீடமைப்புத் திட்டம் தொடங்கியபோது, சொந்தமாகக் காணி இருந்தவர்களுக்கு அந்தத் துண்டுதான் கைகொடுத்தது. மாதாமாதம் வாடகை கட்டி, ஒரு நாளும் தவறாத குடும்பத்திடம் காட்ட எதுவும் இருக்கவில்லை.

இனி விலாசத்தின் கதை. வாக்காளர் இடாப்பில் எங்கே பதிவது? புத்தளத்தில் பதிந்தால் வடக்கில் "இவர்கள் இங்குள்ளவர்கள் அல்ல" என்பார்கள். வடக்கில் பதிந்தால் புத்தளத்தில் கிராம உத்தியோகத்தர் கடிதத்துக்கே அலைய வேண்டும். இடம்பெயர்ந்தவர்கள் முன்பு வாழ்ந்த இடத்தில் பதிந்துகொள்வதற்காக 2013 இல் 27 ஆம் இலக்கச் சட்டம் தற்காலிக ஏற்பாடாக வந்தது. வாக்குரிமைக்கு அது உதவியது. ஆனால் தினசரி வாழ்க்கை ஓரிடத்திலும் பெயர் இன்னோரிடத்திலுமாக ஒரு குடும்பம் எத்தனை வருடம் இருக்கும்?

திரும்பிப் போனவர்களின் அனுபவத்தை இதோடு சேர்த்துப் பாருங்கள். 2002 போர்நிறுத்தத்தில் சிலரும், 2009 இல் போர் முடிந்தபின் பலரும் யாழ்ப்பாணம் போனார்கள். சோனகத் தெருப் பக்கம் கூரையில்லாத சுவர்களும் பற்றையும்தான் இருந்தன. 1990 இல் ஒரு குடும்பம் இருந்த வளவுக்கு இப்போது 4 குடும்பம் உரிமையாளர்கள். சிறு துண்டில் எல்லோருக்கும் வீடு கட்ட முடியாது. ஆகவே சொந்த ஊருக்குத் திரும்பிய நம்மவர்கள் சொந்த ஊரிலேயே வாடகை வீடு தேடினார்கள்.

பெரும்பாலும் தகப்பன் மட்டும் போனார். ஓர் அறை எடுத்து, இரும்போ துணியோ வியாபாரம் தொடங்கினார். பிள்ளைகளின் படிப்புக்காக மனைவி புத்தளத்தில் நின்றார். செலவுக் கணக்கில் அது சரியான முடிவு. ஆனால் வீட்டுத்திட்டப் பட்டியலுக்கு விசாரிக்க வந்த அதிகாரி கண்டது பூட்டிய கதவு. "நிரந்தரமாக வசிக்கவில்லை" என்று எழுதினால் பெயர் விழுந்துவிடும். வீடு இல்லாததால் குடும்பம் வரவில்லை. குடும்பம் வராததால் வீடு இல்லை. மீளத் திறந்த ஒஸ்மானியாவிலும் கதீஜாவிலும் வகுப்புகள் நிறைவதும் இதே முடிச்சில்தான் மாட்டியது. பிள்ளைகள் வந்தால் பாடசாலை வளரும், பாடசாலை வளர்ந்தால் பிள்ளைகள் வருவார்கள். யார் முதலில் போவது?

குடும்பமாகவே போய், பாடசாலைக்குக் கிட்ட, சிறியதென்றாலும் ஒரு வாடகை வீட்டில் இருந்தவர்கள்தான் அந்த முடிச்சைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். அவர்களால்தான் அந்தத் தெருக்களில் மறுபடியும் பிள்ளைச் சத்தம் கேட்கிறது.

சரி, இப்போது வீடு தேடும் தம்பிமாருக்கு இந்த வரலாறு என்ன சொல்கிறது?

முதலாவது, பாடசாலையைத் தெரிந்துகொண்டு வீட்டைத் தேடுங்கள். தரம் 1 அனுமதியில் வீட்டுக்கும் பாடசாலைக்கும் உள்ள தூரத்துக்குப் புள்ளி உண்டு. வாக்காளர் இடாப்பில் எத்தனை வருடம் அந்த விலாசத்தில் இருக்கிறீர்கள் என்றும் பார்ப்பார்கள். பிள்ளைக்கு 5 வயதானபின் ஓடித்திரிந்து பயனில்லை. பிள்ளை உயர்தரத்தை நெருங்குகிறது என்றால் மாவட்டம் மாறுவதன் விளைவைப் பாடசாலையில் கேட்டுவிட்டு மாறுங்கள்.

இரண்டாவது, எழுதிக்கொள்ளுங்கள். 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன்னிலையில் எழுத வேண்டும். "நம்மட ஆள்தானே, பேப்பர் எதுக்கு" என்ற பேச்சு இரண்டு தரப்புக்கும் கெடுதல். கடனை எழுதிக்கொள்ளச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. வீட்டு ஒப்பந்தத்தில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

மூன்றாவது, போன மாதமே கிராம உத்தியோகத்தரிடமும் பள்ளிவாசலிலும் பதியுங்கள். சந்தாப் பணத்தைச் சிறியதென்றாலும் ஒழுங்காகக் கொடுங்கள். நிகாஹ் கடிதமும் மையவாடியும் தேவைப்படும் நாளில் ஜமாஅத்துக்கு நீங்கள் அந்நியராக இருக்கக் கூடாது.

நான்காவது, கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பாருங்கள். மாரியில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை என்றால் இன்னும் நல்லது. இரண்டு முறை போக முடியாவிட்டால் பக்கத்து வீட்டுப் பெண்களிடம் உங்கள் வீட்டுப் பெண்களைக் கேட்கச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

ஐந்தாவது வடக்கில் வளவு உள்ளவர்களுக்கு. போரினால் காணிக்குப் போக முடியாமல் இருந்தவர்களுக்கு எதிராக 10 வருட ஆட்சியுரிமை ஓடாமலிருக்க 2016 இல் 5 ஆம் இலக்க விசேட சட்டம் வந்தது. அந்தப் பாதுகாப்புக்குக் கால எல்லை வைக்கப்பட்டிருந்தது. வாடகை வீட்டில் இருந்தாலும் உங்கள் உறுதியைத் தேடி எடுத்து, வாரிசுகள் கூடிப் பேசி, ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

கடைசியாக, வாடகைக்கு வீடு கொடுக்கும் நம்மவர்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று புத்தளத்தில் நமக்கும் வீடுகள் உண்டு, வேறு மாவட்டத்தார் வந்து நம்மிடம் வாடகை கேட்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் வளவு திருத்தியவர்களும் வாடகைக்குக் கொடுக்கிறார்கள். வருகிறவர் வாக்காளர் பதிவுக்கோ பாடசாலைக்கோ உங்கள் விலாசத்தை உறுதிப்படுத்திக் கடிதம் கேட்டால், "பிறகு வீட்டை விடமாட்டார்" என்ற பயத்தில் மறுக்காதீர்கள். ஒப்பந்தம் முறையாக இருந்தால் அந்தப் பயம் தேவையில்லை. அந்த ஒரு கடிதம் இல்லாமல் நம் குடும்பங்கள் எத்தனை வருடம் அலைந்தன என்பது நமக்குத்தான் தெரியும்.

ஒவ்வொரு மஹல்லாவிலும் பள்ளி நிர்வாகம் ஒரு கொப்பி வைத்து, வாடகைக்கு உள்ள வீடுகளையும், பக்கத்துப் பாடசாலையையும், தண்ணீர் வசதியையும் எழுதி வைத்தால் புதிதாக வரும் குடும்பத்துக்குப் பெரிய உதவி. இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் உங்கள் நிர்வாகத்தில் பேசிப் பாருங்கள். உங்கள் குடும்பம் 1990 இல் எங்கே, ஏன் தங்கியது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் கீழே எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்வோம்.

வீடு தேடி அலையும் அனைவருக்கும் அல்லாஹ் நல்ல அயலவரைத் தருவானாக.