திண்ணைப் பள்ளி மாணவர் கணக்கு: மன்றோ கால ஆய்வும் அதன் சாதிக் கட்டங்களும்

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822 ஜூன் 25 அன்று எழுதிய குறிப்பையொட்டி, மாவட்டந்தோறும் இயங்கிய உள்நாட்டுப் பள்ளிகள், அவற்றில் பயின்ற மாணவர், அவர்தம் சாதி ஆகியவற்றைத் திரட்டி அனுப்புமாறு ஆட்சியர்கள் பணிக்கப்பட்டனர். அறிக்கைகள் வந்துசேர இரண்டரை ஆண்டுகளுக்கு மேலாயிற்று. கன்னட மாவட்ட ஆட்சியர் பட்டியலே அனுப்பவில்லை. ஏனைய மாவட்டங்களின் தொகை: 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர். அன்றைய மக்கள்தொகை 1,28,50,941 எனக் கொள்ளப்பட்டதால், ஏறத்தாழ 68 பேருக்கு ஒருவர் பள்ளியில் பயின்றார் எனலாம்.

இந்த எண்களை 1983இல் வெளியான 'தி பியூட்டிஃபுல் ட்ரீ' நூலின்வழித் தரம்பால் மீண்டும் விவாதப்பொருளாக்கினார். தமிழ் மாவட்டங்களில் சூத்திரரும் ஏனைய சாதியாருமே மாணவருள் பெரும்பான்மையர் (சேலம், திருநெல்வேலியில் சுமார் 70 விழுக்காடு, தென்னார்க்காட்டில் 84 விழுக்காட்டுக்கு மேல்) என்பது அவர் கண்ட முடிவு. காலனிய ஆட்சிக்கு முன் கல்வி பிராமணர் கையில் மட்டுமே இருந்தது என்னும் கருத்தை இது தகர்த்தது. அந்த அளவில் அவர் முடிவு ஏற்கத்தக்கதே. ஆனால் அதனைக் கொண்டு அனைவர்க்கும் கல்வி கிடைத்தது எனச் சிலர் எழுதுவதை ஏற்க இயலவில்லை.

காரணம், படிவத்தின் அமைப்பிலேயே உள்ளது. பிராமணர், வைசியர், சூத்திரர், ஏனைய சாதியார், முஸ்லிம்கள் என்பனவே அதன் கட்டங்கள். நிலவுடைமை வேளாளரும் கணக்கெழுதும் குடியினரும் ஆடு மேய்க்கும் இடையரும் 'சூத்திரர்' என்ற ஒரே கட்டத்துள் அடங்கிவிடுகின்றனர். 'ஏனைய சாதியார்' என்போர் யாவர் என்பதைப் படிவம் வரையறுக்கவில்லை. பறையர், பள்ளர் சிறார் எத்தனை பேர் அதனுள் இருந்தனர் என்பதைத் தொகைக் கணக்கிலிருந்து பிரித்தறிய வழியில்லை. அக்கட்டத்தில் ஓர் எண் இருப்பதாலேயே சேரிச் சிறுவன் திண்ணையில் அமர்ந்து பயின்றான் என்று வாதிடுவது பொருந்தாது.

கற்றல் தரத்தைப் பற்றி அறிக்கைகள் பெரும்பாலும் மௌனம் காக்கின்றன. விதிவிலக்கு, பெல்லாரி ஆட்சியர் ஏ. டி. கேம்ப்பெல் 1823இல் எழுதிய அறிக்கை. அங்கு 533 பள்ளிகளில் 6,641 மாணவர் பயின்றனர். ஒரு பள்ளிக்குப் பன்னிருவர் என்ற அளவு. சிறுமியர் 60 பேர் மட்டுமே. கன்னடப் பள்ளிகள் 235, தெலுங்குப் பள்ளிகள் 226, தமிழ்ப் பள்ளிகள் 4. மணலில் விரலால் எழுத்துப் பழகுவதையும், மூத்த மாணவன் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையையும் அவர் பாராட்டினார். தமிழ்நாட்டில் இத்தகைய மாணவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். ஆண்ட்ரூ பெல் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றதும் இவ்வகை முறையே. எனினும், வழக்கிலில்லாத செய்யுள் நடையைப் பொருள் அறியாமல் மாணவர் மனப்பாடம் செய்தனர் என்று கேம்ப்பெல் குறைகூறினார். ஐரோப்பியத் துணிகளின் வரவால் நெசவாளர் நலிந்ததையும், பிள்ளைகள் உடல் வலுப்பெறத் தொடங்கியதுமே பெற்றோர் அவர்களை வேலைக்கு அனுப்ப நேர்ந்ததையும் அவர் மறைக்கவில்லை. கும்பினி அதிகாரி ஒருவரே கல்விச் சரிவை வறுமையோடு பிணைத்துப் பேசியது கருதத்தக்கது.

மன்றோவும் 1826 மார்ச் 10 குறிப்பில் ஏறக்குறைய இதையே கூறினார். ஆசிரியரின் மாத வருவாய் ஆறு அல்லது ஏழு ரூபாயைத் தாண்டவில்லை. அத்தொகைக்குத் தகுதியுடையோர் வரமாட்டார் என்பது அவர் கருத்து. சென்னை நகரில் வீட்டிலேயே பயின்றோர் 26,963 பேர் என்ற கணக்கை, அது பள்ளியில் பயின்றோரைப்போல் ஐந்து மடங்குக்கும் மேலாக இருந்ததால், அவர் ஐயத்துடனேயே நோக்கினார். பிற்கால எழுத்தாளர் சிலரிடம் அந்த ஐயம் காணப்படவில்லை!

1894இல் ஆல்காட் அடையாற்றை அடுத்த ஊரூரில் பஞ்சமர்க்கெனத் தனி இலவசப் பள்ளி தொடங்கினார். எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே 'ஏனைய சாதியார்' கட்டத்துள் அச்சிறார் நிறைந்திருந்தனர் எனக் கொண்டால், இடைப்பட்ட காலத்தில் அவர்கள் எங்ஙனம் வெளியேறினர் என்பதை விளக்கியாக வேண்டும். அதற்கான விடையை மாவட்டத் தொகைகளில் தேடுவது வீண். ஊர்ப் பள்ளி இருந்த தெருவையும் அத்தெருவில் நடக்க உரிமை பெற்றிருந்தோரையும் பற்றிய சான்றுகளில்தான் அது கிடைக்கக்கூடும்.