வாவிக்கரைப் பறங்கியரின் பாட்டும் பக்தியும்

மட்டக்களப்பு என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தே பாடும் மீனை நினையாதார் இலர். நிலவு காலும் இரவில் வாவியின் நடுவே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரிலும் மறுமுனையைச் செவியிலும் வைத்துக் கேட்போர்க்கு யாழ் நரம்பு அதிர்வது போன்ற ஓசை எழும் என்பர். சேர் எமர்சன் டெனன்ட் தாம் கேட்ட அவ்வோசையை 1859ஆம் ஆண்டில் வெளியான தமது நூலில் எழுதி வைத்தமையால், அது கடல் கடந்தும் புகழ் பெற்றது. ஆயின், அதே வாவியின் கரையில் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பிடில் வாசித்துப் பாடி வந்த மக்கட் கூட்டம் ஒன்றனை இத்துணைப் பேர் நினைப்பதில்லை. மட்டக்களப்புப் பறங்கியரே அவர். தொகையிற் சிறியர், செல்வத்திற் பெரியரல்லர், தச்சு வேலையும் கொல்வேலையும் தையலும் செய்து வாழ்ந்தவர். தமக்கென்று அச்சிட்ட இலக்கியம் ஒன்றைத் தாமே ஆக்கிக்கொள்ளாத இம்மக்கள், தம் கத்தோலிக்க விசுவாசத்தைத் தம் கையாலும் வாயாலும் எவ்வாறு உருவாக்கிக் காத்தனர் என்பது ஆராயத்தக்க வரலாறு.

போர்த்துக்கேயர் புளியந்தீவிற் கோட்டை கட்டியது 1628ஆம் ஆண்டில். பத்தே ஆண்டுகளில், 1638ஆம் ஆண்டு மே மாதத்தில், கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனோடு உடன்படிக்கை செய்துகொண்ட ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையும் வீழ, இலங்கையிற் போர்த்துக்கேயரின் ஆட்சி முற்றாக முடிவுற்றது. ஆட்சி போயிற்று, மக்கள் போகவில்லை. போர்த்துக்கேய ஆடவரும் இந்நாட்டுப் பெண்டிரும் மணந்து பெற்ற சந்ததியார் இங்கேயே தங்கினர். அவர்தம் வீட்டு மொழியும் அவர்தம் சமயமும் அவரோடு தங்கின.

ஒல்லாந்தர்க்கு அவ்விரண்டும் உவப்பானவை அல்ல. கத்தோலிக்க வழிபாடு தடை செய்யப்பட்டது. திருமுழுக்கும் திருமணமும் சட்டப்படி செல்லுபடியாக வேண்டுமாயின் சீர்திருத்தச் சபையிலேயே நடைபெறல் வேண்டும் என்று விதித்தனர். போர்த்துக்கேய மொழியை ஒழிப்பதற்கும் முயன்றனர். ஒல்லாந்த மொழி பேசத் தெரியாத அடிமைகளின் தலையை மழிக்க வேண்டும் என்றுகூடக் கொழும்பில் ஆணை பிறந்தது. ஆணையிட்டவர்தம் வீட்டிலேயே அது செல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. ஒல்லாந்த அதிகாரிகள் மணந்த மனைவியரும் அவர்தம் பிள்ளைகளை வளர்த்த தாதியரும் பேசியது போர்த்துக்கேயமே. ஆதலால் ஒல்லாந்தரின் பேரர்கள் தம் பாட்டனார் பகைத்த மொழியிலேயே மழலை பேசினர்.

கத்தோலிக்கர்க்கோ குருமார் இல்லாத காலமாக அது இருந்தது. கோவையிலிருந்து, அதாவது கொங்கணக் கரையிலிருந்து, யோசேப்பு வாஸ் அடிகளார் 1687இல் கூலியாளின் கோலத்தில் வந்து சேர்ந்த பின்னரே ஈழத்துக் கத்தோலிக்கம் மீண்டும் மூச்சு விட்டது. 1711இல் கண்டியில் மறைந்த அவருக்கு 2015இல் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. அவர் வழி வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல் பல இயற்றினார். எனினும் குரு ஒருவர் ஓர் ஊருக்கு வருவது அருமையினும் அருமை. இடைப்பட்ட காலமெல்லாம் சமயத்தைக் காத்தது வீடுதான். சட்டத்திற்காகப் பிறர் கோயிலில் மணம் முடித்துவிட்டுத் திரும்பிய குடும்பத்திற்கு, அம்மணத்தைத் தன்னுடையதாக ஆக்கிக்கொள்ள வீட்டு முற்றம் ஒன்றே மிஞ்சியது. பறங்கியர் திருமணக் கொண்டாட்டம் இத்துணை விரிவும் இத்துணைப் பாட்டும் உடையதாய் வளர்ந்தமைக்கு இதுவும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு.

அக்கொண்டாட்டத்தின் உயிர் கப்பிரிஞ்ஞா. ஆபிரிக்கரைக் குறித்த காப்பிரி என்னும் சொல்லோடு, சிறியது, அன்புக்குரியது என்னும் பொருள் தரும் போர்த்துக்கேய விகுதி சேர்ந்து உண்டான பெயர் இது. பெயரிலேயே மூன்று கண்டங்களின் வரலாறு அடங்கியிருத்தல் காண்க. பிடிலும், மான்டலின் போன்ற நரம்புக் கருவிகளும், றபானும் சேர்ந்து, ஆறு மாத்திரைத் தாளத்தில் துள்ளி ஓடும் இசை அது. பின்னாளில் இலங்கை முழுவதும் வானொலி வழியாகப் பரவிய பைலாப் பாட்டின் தாய் இதுவே. பைலா என்ற சொல்லும் ஆடுதல் என்னும் பொருளுடைய போர்த்துக்கேயச் சொல்லினின்றும் வந்தது.

இசையைக் காட்டினும் வியக்கத்தக்கது பாட்டின் அமைப்பு. நான்கடிச் செய்யுள்களாக அமைந்த இப்பாடல்கள் ஒருவர் பாட மற்றவர் மறுமொழி பாடும் வகையில் வளர்ந்தவை. மனனம் செய்த பாடல் மட்டும் போதாது. எதிரில் நிற்பவர் தொடுத்த அடிக்கு ஏற்ற அடியை அவ்விடத்திலேயே கட்டுதல் வேண்டும். பட்டறையில் நாள் முழுதும் இழைப்புளி தள்ளிய தச்சனும் அன்றிரவு புலவனாகியே தீர வேண்டும் என்றவாறு. மட்டக்களப்புத் தமிழரும் முஸ்லிம்களும் வயலிலும் வாவியிலும் பாடி வந்த நாட்டார் கவிகளை அறிந்தார்க்கு இது புதிதாகத் தோன்றாது. அவையும் நான்கடி, அவையும் தலைவனும் தலைவியும் ஒருவரையொருவர் வினவி விடை கூறுவன. மூன்று சமயத்தார் மூன்று வழியில் வந்து ஒரே வாவிக்கரையில் ஒத்த வடிவத்தைக் கையாண்டமை கருதத்தக்கது.

ஒற்றுமை வடிவத்தோடு நிற்கவில்லை. 1970களில் மட்டக்களப்பில் இம்மொழியை ஆராய்ந்த இயன் சிமித் என்னும் மொழியியலறிஞர், அதன் சொற்கள் போர்த்துக்கேயமாயினும் வாக்கியக் கட்டு பெரிதும் தமிழை ஒத்திருப்பதை விளக்கினார். வினை இறுதியில் நிற்கும். வேற்றுமை உருபு பெயரின் பின் ஒட்டும். லிஸ்பனிலிருந்து வந்த ஒருவர் சொற்களை இனங்காணக் கூடும். வாக்கியம் அவருக்குப் பிடிபடாது. தமிழ் நெஞ்சில் போர்த்துக்கேயச் சொல் குடிபுகுந்த மொழி எனலாம். கடனோ ஒருபக்கக் கடனன்று. அலமாரி, மேசை, வாங்கு, சன்னல், சாவி ஆகிய சொற்களைத் தமிழர் போர்த்துக்கேயரிடமிருந்து பெற்றனர். இவை பெரும்பாலும் தச்சன் செய்யும் பொருள்களாக இருத்தல் நோக்கத்தக்கது. குருசும் பாதிரியும் நத்தாரும் அவ்வழி வந்தவையே.

இனித் தொழிலைச் சிறிது நோக்குவோம். மட்டக்களப்புத் தமிழர் சமுதாயம் தாய்வழிக் குடி முறையால் கட்டப்பட்டது. வயலுரிமையும் கோயில் முதன்மையும் குடிகளின் வழியே வகுக்கப்பட்டிருந்தன. பறங்கியர்க்குக் குடியும் இல்லை, கோயிற் பங்கும் இல்லை. ஆங்கில அரசில் உயர் பதவி வகித்த கொழும்பு ஒல்லாந்தப் பறங்கியரோ இவரைத் தம்மிற் குறைந்தவராகவே எண்ணினர். மெக்கானிக் என்று இகழ்ச்சிக் குறிப்போடு அழைத்தனர். தச்சன் மகன் என்று நாசரேத்தூர் மக்கள் இகழ்ந்த ஒருவரைத் தெய்வமாகத் தொழுபவர்க்கு உளியும் சுத்தியலும் இகழ்ச்சிக்குரியனவாய்த் தோன்றியிருக்குமா? இகழ்ந்தவரும் அதே தெய்வத்தைத்தான் தொழுதனர் என்பது வேறு செய்தி. கல்விமான்கள் என்று பெயர் எடுக்காவிடினும், மரத்தையும் இரும்பையும் இயந்திரத்தையும் அறிந்த கையினர் என்ற பெயரை வாவிக்கரை ஊர்களில் இவர் பெற்றனர்.

ஆங்கிலேயர் 1796இல் வந்தனர். கத்தோலிக்கர் மீதிருந்த தடைகள் 1806இல் நீங்கின. 1814இல் இலங்கை வந்திறங்கிய மெதடிஸ்த ஊழியருள் வில்லியம் ஓல்ட் என்பார் மட்டக்களப்புக்கு அனுப்பப்பட்டார். வரும் வழியில் கப்பலிலேயே மனைவியை இழந்த அவர், ஓராண்டும் நிறையுமுன் 1815இல் மறைந்தார். அதற்குள் பாடசாலைகள் பலவற்றைத் தொடங்கியிருந்தார். மெதடிஸ்த ஊழியர் இந்நாட்டில் ஊன்றியபோது, பறங்கியரை நெருங்குவதற்கு ஏற்ற மொழி இத்திரிந்த போர்த்துக்கேயமே என உணர்ந்தனர். அம்மொழிக்கு 1819இல் அகராதி அச்சாயிற்று. ரொபட் நியூஸ்டெட் என்பவர் புதிய ஏற்பாடு முழுவதையும் அதில் மொழிபெயர்க்க, 1826இல் அது வெளிவந்தது. பாமரர் பேச்சு என்று கற்றோர் ஒதுக்கிய மொழியில் வேத நூலை அச்சிட்ட துணிவு பாராட்டுக்குரியது.

ஆயினும் அந்நூல் மட்டக்களப்புப் பறங்கியரின் நெஞ்சில் இடம்பெறவில்லை. அவர் பெரும்பாலும் கத்தோலிக்கர், அந்நூலோ புரட்டஸ்தாந்தருடையது. அச்சிட்ட வேதம் காலப்போக்கில் நூலகப் பொருளாயிற்று. அச்சேறாத பாட்டோ வாயிலிருந்து வாய்க்குச் சென்றுகொண்டிருந்தது. ஆங்கில அரசின் சேவையிலிருந்த ஹியூ நெவில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இப்பாடல்களைக் கேட்டெழுதித் தொகுத்தார். பிரித்தானிய நூலகத்தில் உள்ள அவ்வேட்டினை ஆராய்ந்து, கென்னத் டேவிட் ஜாக்சன் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1990இல் நூல் வெளியிட்டார். அத்தொகுப்பைப் புரட்டுவோர் பக்திப் பாடல்களை எதிர்பார்ப்பின் ஏமாற்றமடைவர். காதலும் கேலியும் கடலும் பிரிவுமே மிகுதி.

இதனை எவ்வாறு விசுவாசத்தின் வெளிப்பாடு என்பது? வாவியின் மறுகரை வழிபாட்டை நோக்கின் விடை கிடைக்கும். மட்டக்களப்பில் வைகாசித் திங்களில் கண்ணகி அம்மனுக்குச் சடங்கு நிகழும்போது, வழக்குரை பாடுவதும் குளிர்த்தி பாடுவதும் கோயிலின் உள்ளே, அம்மன் திருமுன்பாகவே நடைபெறும். ஊராரின் சொந்தத் தமிழும் சொந்தக் குரலும் அங்கே வழிபாடாகவே ஏற்கப்பட்டன. பறங்கியர்க்கு அப்பேறு கிட்டவில்லை. பலிபீடத்தின் மொழி 1960கள் வரை இலத்தீன். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின் அது தமிழாயிற்று. வீட்டில் பேசிய மொழி ஒருநாளும் திருப்பலியின் மொழியாகவில்லை. எனவே, கோயிலில் குருவானவர் மணத்தை ஆசீர்வதித்தார். அந்த ஆசீர்வாதத்துக்கு மக்கள் தம் மொழியில் சொன்ன மறுமொழி வீட்டு முற்றத்தில் கப்பிரிஞ்ஞாவாய் எழுந்தது. கேலியும் காதலும் அதில் மிகுந்திருத்தல் வியப்பன்று. கானாவூர்க் கலியாணத்தில் திராட்சை இரசம் குறைந்தபோது அதனை நிறைத்துக் கொடுத்தவரைத் தொழும் மக்கள், கலியாணக் களிப்பைச் சமயத்துக்குப் புறம்பானதாகக் கருத நியாயமில்லை.

கல்வி வேறொரு வழியில் வந்தது. 1873இல் தோன்றிய புனித மிக்கேல் கல்லூரி, திருகோணமலை மறைமாவட்டம் 1895இல் பிரான்சிய யேசு சபையாரிடம் ஒப்படைக்கப்பட்ட பின் பெரிதும் வளர்ந்தது. காரைதீவு மயில்வாகனன் என்ற மாணவர், பிற்காலத்து விபுலானந்த அடிகளார், அங்கே கணிதமும் விஞ்ஞானமும் பயின்றார். 1947இல் அவர் வெளியிட்ட யாழ் நூலில் தமிழிசையும் கணிதமும் கைகோத்துச் செல்வதற்கு அப்பயிற்சி துணை செய்தது. இங்ஙனம் பிறர் சமயத்துப் பிள்ளையின் இசையாராய்ச்சிக்கு உரமிட்ட கிறித்தவக் கல்வி, தன் மந்தையைச் சேர்ந்த பறங்கியரின் பிடிலையும் நான்கடிப் பாட்டையும் பாடத்திட்டத்தில் சேர்க்க நினைத்ததில்லை. ஆங்கிலம் மதிப்புத் தந்தது. பின்னர் தமிழ் வழக்காற்று மொழியாயிற்று. பிள்ளைகள் தமிழிலேயே படித்து, தமிழிலேயே விளையாடி வளர்ந்தனர். பெற்றோரின் மொழி சமையலறைக்கும் நத்தாருக்கும் ஒதுங்கியது.

பின்னர் வந்தது உள்நாட்டுப் போர். பலர் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தனர். எஞ்சியோரில் ஒரு பகுதியினர் கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட டச்பார் என்னும் இடத்தில் வாழ்ந்தனர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி, நத்தாருக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமைக் காலையில், ஆழிப்பேரலை அக்குடியிருப்பை வாரிச் சென்றது. மடிந்தவர் போக, உயிர் தப்பியவர் வேறிடங்களிற் குடியேற்றப்பட்டனர். மொழி அறிந்த முதியோர் ஒருவரோடொருவர் நாடோறும் பேசி வந்த முற்றங்கள் அன்றோடு கலைந்தன.

2010களின் பிற்பகுதியில் லிஸ்பன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹ்யூகோ கார்டோசோவும் அவர்தம் குழுவினரும் மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் வந்து, இம்மொழி பேசுவோரின் உரையாடலையும் பாட்டையும் ஆட்டத்தையும் ஒலியாகவும் படமாகவும் பதிவு செய்தனர். அப்பதிவுகள் அழியும் மொழிகளுக்கான ஆவணக் காப்பகம் ஒன்றில் வைக்கப்பட்டுள்ளன. நெவில் ஏட்டில் எழுத்தாய் உறைந்திருந்த நான்கடிகள் அவற்றில் குரலோடு கேட்கின்றன. மட்டக்களப்பிலோ, மணவீட்டில் பிடில் எடுத்தால் கப்பிரிஞ்ஞாவுக்கு இளையோரின் கால்கள் தாமாக எழுகின்றன. பாட்டின் பொருளை அவருள் பலர் அருகிலிருக்கும் மூத்தோரைக் கேட்டே அறிகின்றனர். மூத்தோர் அதனைத் தமிழில் விளக்குகின்றனர்.