காட்டு வாதுமை வேலி

பறவையைப் பார்த்து மகிழ்வதும் மானைக் கண்டு நிற்பதும் எவருக்கும் தீங்கு செய்யாத இன்பங்கள் என்றே நாம் எண்ணுகிறோம். எனினும் நாம் நின்று பார்க்கும் நிலத்துக்கு ஒரு வரலாறு உண்டு. கேப் டவுன் நகரில், டேபிள் மலையின் கிழக்குச் சரிவில் உள்ள கிர்ஸ்டன்போஷ் தாவரவியல் பூங்கா அவ்வரலாற்றை ஒரு வேலியின் வடிவில் தன்னுள் இன்றும் வைத்திருக்கிறது.

அப்பூங்காவின் அழகைக் குறைத்துச் சொல்ல எவராலும் இயலாது. புரோட்டியா மலர்களின் மேல் நீண்ட வாலுடைய சுகர்பேர்ட் வந்தமரும். எரிக்கா புதர்களில் ஆரஞ்சு மார்புத் தேன்சிட்டு தேன் அருந்தும். தென்கோடி ஆப்பிரிக்காவின் ஃபைன்பாஸ் என்னும் புதர்க்காட்டை விட்டால் இவ்விரண்டையும் வேறெங்கும் காண்பதரிது. சுமார் 9,000 வகைத் தாவரங்கள் கொண்ட அந்நிலத்தின் பகுதிகளை யுனெஸ்கோ 2004-இல் உலக மரபுச் சொத்தாக அறிவித்தது. பூங்காவினுள் முறுக்கிய கிளைகளோடு தரையில் படர்ந்து கிடக்கும் சில முதிய காட்டு வாதுமை மரங்களும் உண்டு. இவையும் புரோட்டியாவின் குடும்பத்தைச் சேர்ந்தவையே. நம் வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

1652-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் யான் ஃபான் ரீபெக் கேப் முனையில் இறங்கினார். கீழ்த்திசை செல்லும் கப்பல்களுக்குக் காய்கறி விளைவிப்பதற்காக அவர் தோட்டம் இட்டார். தென்னாப்பிரிக்காவில் ஐரோப்பியக் குடியேற்றம் ஒரு தோட்டமாகத்தான் வேர்விட்டது எனலாம். 1657-இல் லீஸ்பெக் ஆற்றங்கரை நிலங்கள் டச்சுக் குடியானவர்களுக்குப் பிரித்தளிக்கப்பட்டன. அவை கோய்கோய் மக்களின் மேய்ச்சல் நிலங்கள். 1659-இல் போர் மூண்டது. மறு ஆண்டு சமாதானம் பேசப்பட்டது.

அப்பேச்சுவார்த்தை ஃபான் ரீபெக்கின் நாட்குறிப்பிலேயே பதிவாகியுள்ளது. நாங்கள் ஹாலந்துக்கு வந்தால் இவ்வாறு நிலம் எடுத்துக்கொள்ள விடுவீர்களா என்று கோய்கோய் தலைவர்கள் கேட்டனர். நிலம் திரும்பக் கிடைக்காது என்று தெரிந்தபின், அங்கே தாமாக விளையும் கசப்பு வாதுமையைப் பொறுக்கவும் குளிர்காலத்துக்குக் கிழங்கு தோண்டவுமாவது அனுமதி வேண்டினர். அக்கொட்டை நச்சுத்தன்மை உடையது. நீரில் ஊறவைத்து, வறுத்துப் பக்குவப்படுத்தினால்தான் உணவாகும். அந்தப் பக்குவம் அம்மக்களின் அறிவு. அதற்கும் மறுப்பே விடையாயிற்று. உள்ளே விட்டால் குடியானவர்களுக்குத் தீங்கு நேரலாம் என்பது ஒரு காரணம். வேலி அமைக்க அவ்வாதுமை தமக்கே தேவைப்படும் என்பது மற்றொரு காரணம். காரணங்களை அவர்களிடம் சொல்லவில்லை என்பதையும் நாட்குறிப்பே ஒப்புக்கொள்கிறது.

உணவாக மறுக்கப்பட்ட விதை, உணவுக்கு வந்தவர்களைத் தடுக்கும் வேலியாக முளைத்தது. கிர்ஸ்டன்போஷில் எஞ்சி நிற்பது 1660-இன் அந்த வேலியே.

வேலிக்கு வெளியே என்ன நிகழ்ந்தது? கேப் பகுதியில் மட்டுமே வாழ்ந்த நீல இரலை 1800-ஐ ஒட்டி முற்றாக அழிந்தது. அறிவியல் அதற்குப் பெயரிட்டு அரை நூற்றாண்டு கூட ஆகவில்லை. அதன் எச்சமாக இன்றிருப்பவை ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் பாடம் செய்து வைத்த சில உடல்களும் எலும்புகளும் கொம்புகளுமே. வெள்ளை முகமும் பழுப்பு மேனியும் கொண்ட போன்ட்டிபாக் இரலையும் அதே வழியில்தான் சென்றுகொண்டிருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் பிரெடஸ்டார்ப் அருகே பண்ணையாளர் சிலர் தம் நிலத்தில் வேலியிட்டு அவற்றைக் காத்தனர். 1931-இல் வெறும் 17 விலங்குகளோடு அதற்கென ஒரு தேசியப் பூங்கா தோன்றியது. இன்று வாழும் போன்ட்டிபாக் மந்தைகள் அப்படிப் பிழைத்த சிலவற்றின் வழித்தோன்றல்களே. வேலி காக்கவும் செய்யும் என்பதை நாம் மறுக்கலாகாது. ஆனால் இரலையைச் சுட்டு அருகச் செய்ததும், பின்னர் வேலியிட்டுக் காத்ததும் ஒரே குடியேற்றச் சமூகம் என்பதையும் மறக்கலாகாது.

கிர்ஸ்டன்போஷ் நிறுவப்பட்ட நாள் 1913 ஜூலை 1. அதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு, ஜூன் 19 அன்று, பூர்வகுடிகள் நிலச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. நாட்டின் பெரும்பான்மையினரான கறுப்பின மக்களுக்கு ஏறத்தாழ 7 விழுக்காடு நிலத்தை ஒதுக்கி, மற்ற இடங்களில் அவர்கள் நிலம் வாங்குவதைத் தடுத்தது அச்சட்டம். ஆடுமாடுகளோடு சாலைகளில் அலைந்த குடும்பங்களின் துயரைச் சால் பிளாட்யே நேரில் கண்டு 1916-இல் நூலாக்கினார். நாட்டின் தாவரங்களுக்கு நிலையான இல்லம் அமைத்த அதே கோடையும் குளிரும் நாட்டின் மக்களை இல்லமற்றவராக்கின. 1991-இல்தான் அச்சட்டம் நீக்கப்பட்டது.

ஆகவே வேலிகளை எல்லாம் பிடுங்கி எறிவதா? க்ரூகர் தேசியப் பூங்காவின் வட கோடியில், லிம்போபோ ஆற்றை ஒட்டிய பஃபூரி நிலம் வேறொரு விடை தருகிறது. பூங்காவை விரிவாக்குவதற்காக 1969-இல் மகுலேகே மக்கள் அங்கிருந்து அகற்றப்பட்டனர். 1998-இல் நிலம் மீண்டும் அவர்களுக்கு உரிமையானது. அதை அவர்கள் உழவில்லை. காடாகவே விட்டு, பூங்காவின் பகுதியாக நீடிக்க இசைந்தனர். அங்கு பறவை காணச் செல்பவர் இன்று மகுலேகே மக்களின் விருந்தினர்.

கோய்கோய் தலைவர்கள் 1660-இல் கேட்டதும் ஏறத்தாழ இதுவே: எங்கள் நிலத்தில் எங்களுக்கும் இடம் கொடுங்கள். காட்டு வாதுமை ஆண்டுதோறும் காய்த்துக்கொண்டிருக்கிறது. தேன்சிட்டைத் தேடி அப்பூங்காவுக்குச் செல்லும் நம்மில் எவரும், அம்மரத்தடியிலும் சற்றே நின்று வருதல் தகும்.