காளான்களை எண்ணிய பங்குத்தந்தை

திரெந்து என்றதும் நம் நினைவுக்கு வருவது 1545 முதல் 1563 வரை அங்கே கூடிய பொதுச்சங்கமே. குருமடத்தில் திருச்சபை வரலாறு பயின்றோர் அதன் ஆணைகளை இன்றும் ஒப்புவிப்பர். ஆனால் அம்மறைமாவட்டத்துக் குரு ஒருவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிரினங்களை அறிவியலுக்கு அறிமுகம் செய்தார் என்பதை அறிந்தோர் மிகச் சிலரே. அவர் அருட்தந்தை ஜாக்கொமோ பிரெசாதோலா.

1847இல், அன்று ஆஸ்திரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்த ஆல்ப்ஸ் மலைச் சிற்றூர் ஒன்றில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். திரெந்து குருமடத்தில் பயின்று குருவானார். 1878இல் மாக்ராஸ் என்னும் மலைப்பங்கின் பொறுப்பை ஏற்றார். இளமையில் செடிகொடிகள்மீது கொண்ட ஆர்வம் அங்கே மீண்டும் தளிர்த்தது. முதலில் பாசிகளைத் திரட்டினார், கற்பாசிகளையும் சேர்த்தார், பின்னர் காளான்கள் அவரை முற்றிலும் ஆட்கொண்டன.

காளான் என்றதும் மழைக்குப் பின் குப்பைமேட்டில் விரியும் நாய்க்குடையையே நாம் எண்ணுகிறோம். அந்தக் குடையோ மரத்திற்குக் கனி போன்றதே. அதன் உண்மையான உடல் மண்ணுக்குள்ளும் மரத்துக்குள்ளும் நூலிழைகளாய்ப் பரவிக் கிடக்கிறது. எல்லாக் காளான்களும் குடை விரிப்பதும் இல்லை. விழுந்த கிளை ஒன்றைப் புரட்டிப் பார்த்தால், அடிப்புறத்தில் சுண்ணாம்பு பூசியதுபோல் ஒரு மெல்லிய படலம் தெரியும். அதுவும் காளானே. மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்னும் பொருளை முழுமையாகச் சிதைக்கும் ஆற்றல் பெரும்பாலும் இத்தகைய உயிர்களுக்கே உண்டு. இவை இல்லையேல் காடுகள் தாம் உதிர்த்த கட்டைகளிலேயே புதைந்துபோகும். ஒன்றுபோல் தோன்றும் இரு படலங்களைப் பிரித்தறிய நுண்ணோக்கியின் கீழ் வித்துத்தூளின் வடிவையும் அளவையும் பார்க்கவேண்டும். பிரெசாதோலா வல்லவரானது இந்தப் பொறுமைப் பணியில்தான். இன்றுவரை ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் காளான் இனங்களே பெயர் பெற்றுள்ளன. பெயரின்றிக் கிடப்பவை அதைவிடப் பன்மடங்கு.

1881இல் திரெந்துப் பகுதிக் காளான்கள் பற்றிய அவரது நூலின் முதற்பகுதி வெளிவந்தது. 1887 முதல் 1910 வரை மறைமாவட்டச் சொத்துகளை நிருவகித்தார். அப்பணியின் சுவையை, நிலக்குத்தகையும் வாடகையும் பார்த்த எந்தக் குருவிடமும் கேட்டறியலாம்! அதனிடையேதான் பல நாடுகளிலிருந்து பொதிகள் அவருக்கு வந்தவண்ணம் இருந்தன. அனுப்பியவர்களுள் ஒருவர், ஸ்லோவாக்கியாவின் பிரென்சோவ் ஊர்ப் பங்குத்தந்தை அந்திரேய் கிமெத். இவரும் 1878இலேயே தம் பங்கை ஏற்றவர். அவர் திரட்டிய காளான்களை ஆராய்ந்து 1897இல் பிரெசாதோலா நூலாக்கினார். பிரான்சில் ஊபர் பூர்தோ என்னும் மற்றொரு பங்குத்தந்தையும் இதே துறையில் உழைத்து, 1928இல், கால்சேன் என்பாருடன் இணைந்து பெருநூல் ஒன்றை வெளியிட்டார்.

ஒரு குருவுக்கு இது எதற்கு என்ற கேள்வி எழாமல் இராது. திருச்சபை அறிவியலுக்குப் பகை என்போருக்கு எதிராக இவரைச் சான்றாக நிறுத்தும் எண்ணம் எனக்கில்லை. கலிலேயோவுக்கு நேர்ந்ததைக் காளான்கள் ஈடுசெய்துவிடா. ஆயினும், 1899இல், உண்ணத்தக்க காளான்களையும் நச்சுக் காளான்களையும் பற்றி அவர் ஒரு நூல் வெளியிட்டார். மலைமக்களுக்குக் காளான் உணவு. கொடிய நச்சுக் காளானை உண்டவருக்குப் பல மணி நேரம் வரை ஒன்றும் தெரியாது. தெரியும்போது ஈரல் அழியத் தொடங்கியிருக்கும். அடக்கத் திருப்பலி நிறைவேற்றும் கைகளே அந்நூலையும் எழுதின என்பதை நான் தற்செயலாகக் கருதவில்லை.

முதுமை அவருக்கு எளிதாக அமையவில்லை. மறைமாவட்டத்தின் கணக்கை 23 ஆண்டுகள் பார்த்தவர், வறுமையால் தம் சேகரிப்புகளை விற்க நேர்ந்தது. 1927இல் பதுவைப் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தபோது அவருக்கு வயது 80. 1250 வண்ணப்படங்கள் கொண்ட அவரது பெருந்தொகுப்பு அவ்வாண்டில்தான் வெளிவரத் தொடங்கியது. 1929 ஜூன் 9இல் அவர் இறந்தபின் 1933இல்தான் நிறைவுற்றது. அடக்கச் செலவை நகராட்சி ஏற்றது. அவர் விவரித்த புதிய இனங்கள் 1017.

அவரது சேகரிப்பின் பெரும்பகுதி இன்று ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஒரு காளானின் பெயர் குறித்து ஐயம் எழும்போது, ஆய்வாளர்கள் அங்குள்ள உறைகளைத் திறந்து, அவர் பார்த்த அதே மட்கிய துண்டை மீண்டும் நுண்ணோக்கியின் கீழ் வைக்கின்றனர்.