பிடியரிசியில் முளைத்த பட்டம்



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டதும், வகுப்பறைக் குறும்புகளை எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதை எழுத நம்மில் ஆள் நிறைய உண்டு. நாம் வாங்கிய பட்டத்தில் கையெழுத்துப் போட்ட பல்கலைக்கழகத்தைப் பற்றி எழுதத்தான் ஆளைக் காணோம். ஆகவே இந்தக் கட்டுரை.

நம்ம பக்கத்துக் கல்வி வரலாறு ஒரு பிடி அரிசியில் தொடங்குகிறது. விருதுநகரில் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலையை நடத்துவதற்கு வீடுவீடாகப் பிடியரிசி சேர்த்தார்கள். உலை வைக்கும்போது தாய்மார்கள் ஒரு பிடியை எடுத்துத் தனியே போடுவார்கள். வியாபாரிகள் மகமை கொடுத்தார்கள். அந்தப் பள்ளியில் படித்த பிள்ளைகளில் ஒருவர்தான் காமராசர். ஆறாம் வகுப்போடு அவர் படிப்பு நின்றது.

மகமையும் பிடியரிசியும் காட்டிய வழியில் கல்லூரிகளும் வந்தன. விருதுநகரில் செந்திக்குமார நாடார் கல்லூரி 1947-லும், வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரி 1962-லும், சிவகாசியில் அய்யநாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963-லும் பிறந்தன. ஆனால் பாடத்திட்டமும் பட்டமும் சென்னையிலிருந்துதான் வர வேண்டும். ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம். ஒரு மார்க்குக் கணக்கில் சந்தேகம் வந்தாலும் ரயிலேற வேண்டும். இல்லையென்றால் கடிதம் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

1966-ல் மதுரைப் பல்கலைக்கழகம் உதயமானது. முதல் துணைவேந்தர் தெ.பொ.மீ. தென் மாவட்டக் கல்லூரிகள் அதன் குடைக்குள் வந்தன. இனி மதியச் சோற்றைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினால் சாயந்திரம் வீடு திரும்பிவிடலாம். சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால், முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த வீடுகளுக்கு அதுதான் பெரிய விஷயம். 1978-ல் இந்தப் பல்கலைக்கழகத்துக்குக் காமராசர் பெயரைச் சூட்டினார்கள். ஆறாம் வகுப்போடு நின்றவர் பெயரில் இலட்சோப இலட்சம் பேர் பட்டம் வாங்கினோம்!

அதைவிடப் பெரிய காரியம் 1971-ல் நடந்தது. அந்த ஆண்டுதான் அஞ்சல் வழிக் கல்வி தொடங்கியது. அதே ஆண்டில் துணைவேந்தராக வந்தவர் மு.வ. தாலுகா அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து, தாமாகவே படித்து வித்துவான் தேர்வு எழுதித் தேறியவர் அவர். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பது எத்தனை கஷ்டம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தக் கஷ்டத்தை நான் கண்ணால் பார்த்தது ஆனைக்குட்டத்தில். எழுபதுகளின் கடைசியில் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காகப் பத்து நாள் அங்கே தங்கினோம். அர்ச்சுனா நதிக்குக் குறுக்கே இப்போது நிற்கும் அணை அப்போது கிடையாது. ரோட்டுக்கு மண் வெட்டிப் போடுவது எங்கள் வேலை. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு ஒரு வீட்டுக்குப் போனோம். திண்ணையில் ஒரு அக்கா தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். பசைக் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே, பல்கலை நகரிலிருந்து தபாலில் வந்த பாடக் கட்டு.

"யாருக்கா படிக்கிறது?" என்று கேட்டேன்.

"நாந்தான் தம்பி. பி.ஏ. மொத வருசம். நீங்க காலேசுலதான படிக்கிறீங்க? இந்தப் பக்கத்த மட்டும் கொஞ்சம் புரியும்படியாச் சொல்லிட்டுப் போங்க" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். எங்களுக்கு வகுப்பில் நடத்திய அதே பாடம்தான். வாத்தியார் நடத்தும்போது நான் கவனித்திருந்தால்தானே சொல்வதற்கு! அசடு வழிந்து நின்றேன். அன்று ராத்திரி முகாமில் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, நானும் இன்னொரு நண்பரும் உட்கார்ந்து படித்து, மறுநாள் போய்ச் சொல்லிக் கொடுத்தோம். நாங்கள் போட்ட மண்ணை அடுத்த மழையே அடித்துக்கொண்டு போயிருக்கும். அந்த அக்கா பட்டம் வாங்கி ஆசிரியை ஆனதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். ஊருக்கு உதவப் போன எனக்கு அந்த ஊர்தான் படிக்கக் கற்றுக் கொடுத்தது.

இப்போது நெஞ்சு கனக்கும் செய்தி ஒன்று. அந்தப் பல்கலைக்கழகமே இன்று தள்ளாடுகிறது. தொலைநிலைக் கல்விக்கு வந்த கட்டுப்பாடுகளால் அந்த வருமானம் சுருங்கியது. ஓய்வூதியச் சுமை ஏறியது. 2024-ல் ஆசிரியர்களும் ஊழியர்களும் ஓய்வு பெற்றவர்களும் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் போராட வேண்டி வந்ததைப் பத்திரிகைகளில் படித்தோம். எத்தனையோ ஏழை வீட்டுப் பிள்ளைகளின் கட்டணத்தில் நின்ற நிறுவனம் இது. அங்கே கஷ்டம் வந்தால் அது கடைசியில் கட்டண உயர்வாக, அடுத்த அக்காவின் திண்ணையில்தான் போய் விழும்.

"அது அரசாங்கத்தின் பொறுப்பு, நமக்கென்ன?" என்று சிலர் சொல்லலாம். அரசாங்கத்தின் பொறுப்புதான், மறுக்கவில்லை. கேட்டு வாங்க வேண்டும். ஆனால் காமராசர் காலத்தை நினைத்துப் பாருங்கள். 1956-ல் மதிய உணவுத் திட்டம் வந்தபோது ஊர் மக்களும் பங்கு கொடுத்தார்கள், அரசும் பங்கு கொடுத்தது. 1958 முதல் நெ.து.சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், மேசை நாற்காலி முதல் கட்டடம் வரை ஊரார் தந்தார்கள். ஊர் தன் பங்கைக் கொடுத்ததால்தான் அரசிடம் உரிமையோடு கேட்க முடிந்தது.

ஆகவே ஒரு வேண்டுகோள். மலரும் விருந்தும் நல்லதுதான். கூடவே, சங்கத்தில் ஒரு 'பிடியரிசி நிதி' தொடங்குவோம். பட்டாசு ஆலையிலும் தீப்பெட்டி ஆபீசிலும் உழைப்பவர்களின் பிள்ளைகளுக்குத் தேர்வுக் கட்டணத்தை அதிலிருந்து கட்டுவோம். பல்கலைக்கழகத்துக்கு உரிய மானியத்தைத் தரச் சொல்லி, சங்கத்தின் பெயரால் அரசுக்கு ஒரு தீர்மானமும் அனுப்புவோம். பொதுக்குழுவில் இதை நான் முன்மொழிகிறேன். வழிமொழிய ஒருவர் எழுந்தால் போதும்.

நம் பாட்டிமார் உலையில் போட வேண்டிய அரிசியில் ஒரு பிடியை எடுத்து வைத்தார்கள். அவர்கள் மிஞ்சியதைக் கொடுக்கவில்லை. அதை மறக்க வேண்டாம்.

சந்திப்போம் நண்பர்களே. வாழ்க நம் கல்லூரி! வளர்க அதன் தொண்டு!