வழியும் படியும்: நாட்குறிப்பு முதல் முகநூல் வரை

எழுத்துப் பிறப்பதற்குப் படைப்பாளி ஒருவர் போதும். அது வாசகரைச் சென்றடைய ஒரு வழி வேண்டும். அவ்வழி யார் கையில் உள்ளது என்னும் வினா புதுவையின் இலக்கிய வரலாற்றில் முன்னரே எழுந்ததுண்டு. கவிதையும் கதையும் ஓவியமும் முகநூல், வாட்ஸ்அப் வழியே நாள்தோறும் வெளிவரும் இக்காலத்தில் அவ்வரலாற்றைத் திரும்பிப் பார்த்தல் பயனுடையது.

பாரதி 1908இல் புதுவைக்கு வந்தார். சென்னையில் 1906இல் தொடங்கப்பெற்ற 'இந்தியா' வார இதழும் இங்கு இடம்பெயர்ந்தது. தமிழில் அரசியல் கருத்துப்படங்களைத் தொடர்ந்து வெளியிட்ட முன்னோடி இதழ் அது. படமும் அதன்கீழ் விளக்கமுமாகச் செய்தி சொன்ன அப்பாங்கை இன்றைய முகநூல் பதிவின் மூதாதை எனலாம். புதுவை பிரெஞ்சு ஆட்சிப் பகுதியாதலின் ஆங்கில அரசால் பாரதியை இங்குக் கைது செய்ய இயலவில்லை. ஆயினும் வாசகரிற் பெரும்பாலோர் ஆங்கில ஆட்சிப் பகுதியில் இருந்தனர். இதழ் அங்கு நுழையத் தடை வந்தது. எழுதும் கை கட்டுண்டிலது, வழி அடைபட்டது. 1910இல் இதழ் நின்றது.

நூற்றுப்பத்து ஆண்டுகள் கழிந்தன. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடைசெய்தது. காரணங்கள் வேறு, காலமும் வேறு. எனினும் பாட்டையும் நடிப்பையும் சிறு காட்சிகளாக்கி வெளியிட்டு வந்த சிற்றூர்க் கலைஞர்கள் தம் அவையோரை ஒருங்கே இழந்தனர். அரசின் தடையின்றியே மறைந்த தளங்களும் உள. ஆர்குட் 2014இலும், கூகுள் பிளஸ் 2019இலும் அவற்றை நடத்திய நிறுவனத்தாலேயே மூடப்பட்டன.

இதனால் இவ்வூடகங்களின் ஆற்றலைக் குறைத்து மதிப்பிடலாகாது. 'மாதொருபாகன்' நாவலுக்கு எழுந்த எதிர்ப்பினால் மனம் நொந்த பெருமாள்முருகன், எழுத்தாளனாகிய தாம் இறந்துவிட்டதாக 2015 ஜனவரியில் அறிவித்தது முகநூலில்தான். அச்சிறு அறிவிப்பு நாடு கடந்து பரவிற்று. 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் அவருடைய எழுத்துரிமைக்கு அரணாகத் தீர்ப்பளித்தது.

விரைந்து பரவுதல் வேறு, நிலைத்தல் வேறு. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு நெடுங்காலம் அச்சேறாது கிடந்தது. 1846இல் அது கண்டெடுக்கப்பட்டுப் படியெடுக்கப்பட்டது. ஒரு படி பாரிஸ் தேசிய நூலகத்தைச் சென்றடைந்தது. அந்நாட்குறிப்பை அடியொற்றிப் பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' ஆகிய நாவல்களைப் படைத்தார். பின்னது 1995இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. 'இந்தியா' இதழின் கருத்துப்படங்களையும் 1994இல் ஆ. இரா. வேங்கடாசலபதி தொகுத்து நூலாக்கினார். வழி அடைபட்ட பின்னும் இவை வாழ்வது, படியெடுத்தோரும் தொகுத்தோரும் இருந்தமையால் அன்றோ?

பத்தாண்டு நிறைவுறும் இவ்வேளையில் நம் வட்டம் ஒரு பணியை மேற்கொள்ளலாம். உறுப்பினர்கள் இணையத்தில் வெளியிடும் கவிதைகளிற் சிறந்தவற்றை, நாள் குறிப்புடன் ஆண்டுதோறும் தொகுத்து அச்சிடுவோம். ஒரு படியை நம்மிடமும், ஒரு படியை 1827 முதல் விளங்கிவரும் ரோமன் ரோலண்ட் நூலகத்திலும் வைப்போம். வழி பிறர் கையில் இருப்பினும் படி நம் கையில் இருத்தல் வேண்டும்.